வட சென்னைக் குத்துச்சண்டை: முன்னாள் வீரர்களின் நினைவுகள் ஏன் ஒன்றோடொன்று முரண்படுகின்றன?

வட சென்னையின் குத்துச்சண்டையைக் களமாகக் கொண்ட திரைப்படம் ஒன்று 2021இல் வெளிவந்த பிறகு, அந்தப் படம் காட்டும் காலத்தில் மேடையேறிய முதியவர்கள் பலரை ஊடகங்கள் தேடிச் சென்றன. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு பகுதிகளைச் சேர்ந்த அவர்களின் பேட்டிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரு கட்டத்தில் குழம்பிப் போகிறார்கள். ஒருவர் வெற்றி என்று சொல்லும் போட்டியை மற்றொருவர் டிரா என்கிறார். ஒருவர் நான்காவது ரவுண்டு என்று சொல்வதை இன்னொருவர் இரண்டாவது ரவுண்டு என்கிறார். தேசிய அளவிலான சாம்பியன் பட்டியல்களைப் புரட்டினால், இவர்கள் போற்றும் பெயர்களில் பெரும்பாலானவை அங்கே காணப்படுவதில்லை. உடனே, "வயதானவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு அவசரமானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த முரண்பாடுகளில் பெரும்பகுதி தனிமனிதர்களின் பெருமையால் விளைந்ததன்று. அந்த விளையாட்டு எவ்வாறு நடத்தப்பட்டது, யார் அதைப் பதிவு செய்தார்கள், தலையில் விழும் குத்து மனித மூளையை என்ன செய்கிறது என்பவற்றால் விளைந்தது. இவற்றைப் புரிந்துகொண்டால், எந்த நினைவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் ஓரளவு வரையறுக்க முடியும்.

ஒரே பெயரில் இரண்டு விளையாட்டுகள்

நவீனக் குத்துச்சண்டை முழுவதற்கும் அடித்தளம், 1867இல் லண்டனில் வெளியிடப்பட்ட குவீன்ஸ்பெரி விதிகள். கையுறை கட்டாயம், மூன்று நிமிட ரவுண்டு, இடையில் ஒரு நிமிட ஓய்வு, கீழே விழுந்தவர் எழுந்து நிற்பதற்குப் பத்து விநாடி என்பவை அவ்விதிகளின் மையக் கூறுகள். இந்த அடித்தளத்தின் மேல் பிற்காலத்தில் இரண்டு தனித்தனி அமைப்புகள் எழுந்தன.

1. அமெச்சூர் குத்துச்சண்டை. வீரர் பனியன் அணிந்து மோதுவார். ரவுண்டுகள் குறைவு, பெரும்பாலும் மூன்று. முறையாக விழுந்த குத்துகளை நடுவர்கள் மதிப்பிட்டு முடிவு சொல்வார்கள். அன்று பரிசு பதக்கமும் சான்றிதழும்தான். இந்தியாவில் இதற்கான தேசியக் கூட்டமைப்பு 1949இல் உருவானது. அதற்கு முந்தைய ஆண்டே இந்திய வீரர்கள் லண்டன் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டிருந்தனர்.

2. தொழில்முறைக் குத்துச்சண்டை. வீரர் மேலாடையின்றி மோதுவார். ரவுண்டுகள் அதிகம். டிக்கெட் விற்று வரும் பணத்திலிருந்து வீரருக்குக் கூலி கிடைக்கும். போட்டியை ஏற்பாடு செய்பவர் அமைப்பு அதிகாரி அல்லர், முதல் போட்டு லாபம் பார்க்கும் ஏற்பாட்டாளர்.

வட சென்னையின் முன்னாள் வீரர்கள் எதை நினைத்து ஏங்குகிறார்களோ அது பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சார்ந்தது. சுவரொட்டிகளில் 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று விளம்பரப்படுத்தப்பட்டு, டிக்கெட் எடுத்து உள்ளே சென்ற கூட்டத்தின் முன் நடந்தவை அந்தப் போட்டிகள்.

இங்கேதான் முதல் முடிச்சு விழுகிறது. அன்றைய விதிப்படி, பணம் வாங்கிக்கொண்டு மோதியவர் அமெச்சூர் தகுதியை இழந்துவிடுவார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கை ஒட்டி விதி தளர்த்தப்படும் வரை, தொழில்முறை வீரர்களுக்கு ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இடம் இல்லை. ஆகவே, காசிமேட்டில் ஆயிரக்கணக்கானோர் தோளில் தூக்கிக் கொண்டாடிய ஒருவர், அந்தக் கொண்டாட்டத்துக்குக் காரணமான அதே போட்டியினாலேயே தேசியப் பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிட நேர்ந்தது. பட்டியலில் பெயர் இல்லாததை அவருடைய திறமைக்கு எதிரான சான்றாகக் கொள்வது, அந்தப் பட்டியல் எதற்காகத் தயாரிக்கப்பட்டது என்பதையே மறந்துவிடுவதாகும்.

பரம்பரை: குருதி உறவல்ல, பயிற்சி உறவு

பேட்டிகளில் அடிக்கடி வரும் சொல் 'பரம்பரை'. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்ற பெயர்களைக் கேட்கும் புதியவர்கள், இவற்றைக் குடும்ப வழி என்றோ சாதிப் பிரிவு என்றோ எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு. அவை ஒரு வாத்தியாரிடமிருந்து சீடர்களுக்கும், அந்தச் சீடர்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்கும் கைமாறிய பயிற்சி மரபுகள். சிலம்ப வாத்தியாரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்வதைப் போன்ற பழைய தமிழ் ஏற்பாட்டின் உள்ளே, ஆங்கிலேயரிடமிருந்து வந்த கையுறை விளையாட்டு குடியேறியது என்று இதைச் சொல்லலாம். ஒரே பரம்பரையில் மீனவர், தலித்துகள், கிறித்தவர், முஸ்லிம்கள் எனப் பல பிரிவினரும் இருந்தார்கள். அக்கால மதராஸின் வேறு எத்தனை இடங்களில் இவர்கள் ஒரே வாத்தியாரின் காலைத் தொட்டு வணங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இந்த அமைப்பின் சமூக மதிப்பு விளங்கும்.

பரம்பரைக்கு எழுதப்படாத விதிகள் இருந்தன. ஒரே பரம்பரையைச் சேர்ந்தவர்கள் டிக்கெட் போட்டியில் எதிரெதிரே மோதுவதில்லை. ஒரு பரம்பரையை விட்டு மற்றொன்றுக்குத் தாவுவது துரோகமாகக் கருதப்பட்டது. வெற்றி வீரருடைய வெற்றியாக மட்டும் நிற்காமல் வாத்தியாருடையதாகவும் தெருவுடையதாகவும் ஆனது. தோல்வியும் அவ்வாறே பரவியது. பழைய வீரர்கள் பேசும்போது "நான் அடித்தேன்" என்பதைவிட "நாங்கள் அடித்தோம்" என்று சொல்வதைக் கவனிக்கலாம். அந்தப் பன்மை மரியாதைப் பன்மையன்று. தாம் மேடையில் இல்லாத, சில வேளைகளில் தாம் பிறப்பதற்கே முன்பு நடந்த போட்டியையும் அவர்கள் அந்தப் பன்மையில்தான் சொல்கிறார்கள். வெளியிலிருந்து கேட்பவர் அதைத் தன்வரலாறு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பிசகிவிடும்.

ஏன் வட சென்னை?

இந்தக் கேள்விக்கு வீரத்தையும் ரத்தத்தையும் காட்டிச் சொல்லப்படும் விடைகள் எதையும் விளக்குவதில்லை. நிலவியலையும் பிழைப்பையும் பார்த்தால் விடை தெளிவாகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமான ராயபுரம் 1856இல் திறக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டது. பெரம்பூரில் 1876இல் பக்கிங்காம் ஆலையும் 1881இல் கர்நாடிக் ஆலையும் தொடங்கப்பட்டன. பின்னர் இரண்டும் இணைந்து 'பின்னி மில்' என்று மக்கள் வாயில் வழங்கின. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள் எழுந்தன. 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் வந்து சேர்ந்தது. இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் முதன்மையான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் இந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான் பிறந்தது.

இவ்வாறு சில மைல் சுற்றளவுக்குள் மூன்று வகை மனிதர்கள் சேர்ந்தார்கள். முதல் வகையினர் துறைமுகத்துக்கு வந்து போகும் ஆங்கிலேய மாலுமிகளும் படைவீரர்களும். கையுறையும் விதியும் அவர்களோடு வந்தன. இரண்டாம் வகையினர், ரயில்வேயிலும் தந்தித் துறையிலும் பணியாற்றிய ஆங்கிலோ-இந்தியர்கள். பள்ளியிலேயே குத்துச்சண்டை பழகிய அவர்கள், உள்ளூர் வீரர்களுக்கு அன்றாடம் கண்ணில் படும் போட்டியாளர்களாக இருந்தார்கள். மூன்றாம் வகையினர், மூட்டை சுமந்தும் வலை இழுத்தும் நெசவுத் தறியில் நின்றும் உடல் உறுதிப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். வாரக்கூலியோ மாதச் சம்பளமோ கையில் இருந்ததால், இந்த மூன்றாம் வகையினர் மேடைக்கு வீரரையும் மேடைக்குக் கீழே டிக்கெட் வாங்கும் ரசிகரையும் ஒருசேரத் தந்தார்கள். விளையாட்டு நிலைபெறுவதற்கு இந்த இரண்டாவது பங்களிப்பே இன்றியமையாதது என்பது என் கருத்து.

நினைவு எங்கே, எப்படித் திரிகிறது?

முன்னாள் வீரர்களின் வாய்மொழியில் காணப்படும் முரண்பாடுகளுக்கு நான்கு வேறுபட்ட காரணங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் தனியே பார்க்க வேண்டும். ஏனெனில் ஒவ்வொன்றையும் சரிசெய்யும் வழி வேறு.

1. நாக் அவுட் ஆனவருக்குத் தன் போட்டி தெரியாது. தாடையில் விழும் குத்து தலையைச் சட்டென்று சுழற்றும்போது, மண்டையோட்டுக்குள் மூளை அதிர்ந்து நினைவிழப்பு ஏற்படுகிறது. இந்த அதிர்ச்சி அடிபட்ட கணத்தை மட்டும் அழிப்பதில்லை. அதற்குச் சற்று முன் நடந்தவையும், அதற்குப் பிறகு சிறிது நேரம் நடந்தவையும் நினைவில் பதியாமலே போகலாம். கண் திறந்து நின்று, ரெஃப்ரியின் கேள்விக்குப் பதில் சொல்லி, தானே நடந்து இறங்கிய வீரருக்குக்கூட மறுநாள் அது எதுவும் நினைவில்லாமல் போகலாம். அப்படியானால் அந்த ரவுண்டைப் பற்றி அவர் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் விவரம் எங்கிருந்து வந்தது? மூலையில் நின்று தண்ணீர் கொடுத்த செகண்டிடமிருந்தும், முன்வரிசையில் இருந்த நண்பர்களிடமிருந்தும் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பிறர் கண்ட காட்சியைத் தன் நினைவாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இதன் நீண்டகால வடிவம் இன்னும் வேதனையானது. பல ஆண்டுகள் தலையில் குத்து வாங்கிய வீரர்களிடம் நடைத் தடுமாற்றமும் மந்தமும் தோன்றுவதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இல் மருத்துவ இதழில் விவரித்தார். பிற்கால ஆய்வுகள், மீண்டும் மீண்டும் படும் அடிகளால் மூளைத் திசு படிப்படியாகச் சிதைவதையும், நினைவாற்றலும் மனநிலையும் அதனால் பாதிக்கப்படுவதையும் உறுதிப்படுத்தின. எந்த விளையாட்டின் வரலாறு வீரர்களின் வாய்மொழியை நம்பி இருக்கிறதோ, அந்த விளையாட்டே அவர்களுடைய நினைவைத் தின்றிருக்கிறது. பேட்டி எடுப்பவர்கள் இதை மனத்தில் கொண்டு, தேதி தவறினால் சிரிக்காமல் பொறுமையாகக் கேட்பது குறைந்தபட்ச அறம்.

2. நாக் அவுட் நிற்கும், பாயிண்ட் மறையும். பத்து எண்ணுவதற்குள் எழாதவர் தோற்றார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. மைதானத்தின் கடைசி வரிசைக்கும் அது தெரியும். பாயிண்ட் முடிவோ ரெஃப்ரியும் நடுவர்களும் அளித்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை ஏற்காத தரப்பு, வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தன்னுடைய முடிவை எழுதிக்கொள்கிறது. பேட்டிகளில் வெற்றி–டிரா என்று முரண்படும் இடங்களில் நாக் அவுட் அபூர்வமாகவே இருக்கும். பாயிண்ட் முடிவே அடிப்படையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. பெரிய கதை சிறிய கதைகளை இழுத்துக்கொள்ளும். வட சென்னையில் மிக அதிகமாகச் சொல்லப்படுவது, சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்து, நாட் டெர்ரி என்பவரை வீழ்த்திய கதை. வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தப் போட்டியோடு, பெரியார் அவரைத் 'திராவிட வீரன்' என்று பாராட்டினார் என்ற செய்தியும் சேர்ந்தே வழங்குகிறது. சொல்பவருக்குச் சொல்பவர் எதிராளியின் பின்னணியும் போட்டியின் போக்கும் சற்றே மாறுகின்றன. ஆயினும் எல்லா வடிவங்களிலும் மாறாமல் நிற்பது ஒன்றுண்டு: துறைமுகத்திலும் ஆலையிலும் தலைகுனிந்து வேலை செய்த மக்களின் கூட்டத்திலிருந்து ஒருவர், ஆளும் இனத்தோடு அடையாளம் காணப்பட்ட ஒருவரை, சம விதிகளின் கீழ் அனைவரின் கண்முன்னே வீழ்த்தினார் என்பது. மேடைக்கு வெளியே அந்தச் சமத்துவம் கிடையாது. அதனால்தான் இந்த ஒரு போட்டி மற்றப் பல போட்டிகளின் விவரங்களைத் தன்னுள் இழுத்துக்கொண்டு பெருத்தது. ரவுண்டு எண்ணிக்கைக்கு இந்தக் கதையை நம்புவதற்கில்லை. அந்தக் கூட்டம் எதற்காகத் திரண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது.

4. காட்சிப் போட்டியும் உண்மைப் போட்டியும் கலந்துவிடும். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் மோதியது காட்சிப் போட்டி; அதாவது, வெற்றி தோல்வி பதிவாகாத, ரசிகர்களுக்குத் திறமையைக் காட்டும் ஏற்பாடு. எல்லிஸ் சாதாரணமானவர் அல்லர். அலி பட்டம் பறிக்கப்பட்டிருந்த காலத்தில், 1968இல், உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றவர். 1971இல் ஹூஸ்டனில் அலி அவரைத் தோற்கடித்தது முறையான போட்டி. சென்னையில் நடந்தது அப்படியல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் கேட்டால், "அலி இங்கே சண்டை போட்டார்" என்ற சொற்றொடர் தவறான பொருளைத் தரும். உள்ளூர்ப் போட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: திருவிழாக்களிலும் கட்சி நிகழ்ச்சிகளிலும் நடந்த காட்சிப் போட்டிகள், பிற்கால நினைவில் முழுப் போட்டிகளாக வளர்ந்துவிடுவதுண்டு.

மறைந்தது எப்படி?

"அரசியல் புகுந்தது, அடிதடி வந்தது, ஆட்டம் போனது" என்பது முன்னாள் வீரர்களின் பொதுவான விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. பரம்பரைகளுக்கிடையிலான பகை மேடையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தபோது, குடும்பத்தோடு வரும் ரசிகர் விலகினார். காவல்துறை அனுமதி பெறுவது கடினமானது. ஆனால் இந்த விளக்கம் மட்டும் போதாது. அதற்கு அடியில் இரண்டு மாற்றங்கள் மெதுவாக நடந்துகொண்டிருந்தன.

முதலாவது, வேலை. ரயில்வே, காவல்துறை, ராணுவம் ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் வேலை பெற அமெச்சூர் சான்றிதழே செல்லும். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1962இல் பதம் பகதூர் மல் தங்கம் வென்றார். 1966, 1970 ஆகிய இரு முறையும் ஹவா சிங் தங்கம் வென்றார். இருவரும் ராணுவத்தினர். ஓய்வூதியத்தோடு கூடிய வேலை ஒரு பக்கமும், ஒரு நாள் கூலியும் உடைந்த மூக்கும் மறுபக்கமும் இருக்கும்போது, தன் மகனை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதில் வாத்தியாருக்கே தயக்கம் வந்தது இயற்கை. சென்னையிலிருந்து புறப்பட்டு 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்ற வி. தேவராஜன் இந்த அமெச்சூர் பாதையில் வந்தவர்.

இரண்டாவது, டிக்கெட் வாங்கியவரின் பிழைப்பு. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் வந்தது. ஆட்கள் சுமந்து ஏற்றிய சரக்கைக் கிரேன்கள் தூக்கத் தொடங்கின. பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. நிலையான கூலி பெற்ற ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் ஒப்பந்த வேலைக்கும் தினக்கூலிக்கும் தள்ளப்பட்டார்கள். அரங்கத்தை நிரப்பியவரின் சட்டைப்பை காலியான பிறகு, அடிதடி நடக்காமல் இருந்திருந்தாலும் அந்த ஆட்டம் அதே அளவில் நீடித்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. பேட்டிகளில் முன்னாள் வீரர்கள் ஆலை மூடலையும் குத்துச்சண்டையின் மறைவையும் இரு வேறு சோகங்களாகச் சொல்கிறார்கள். இரண்டும் பெருமளவுக்கு ஒன்றே என்று நான் கருதுகிறேன்.

சான்றுகளைப் படிக்கும் முறை

மேற்கண்டவற்றை வைத்து, ஒரு முன்னாள் வீரரின் வீட்டில் கிடைக்கும் பொருள்களை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்க்கலாம்.

1. புகைப்படம். பனியன் அணிந்திருந்தால் அமெச்சூர் போட்டி; மார்பு திறந்திருந்தால் பெரும்பாலும் தொழில்முறைப் போட்டியோ அதற்கான விளம்பரப் படமோ ஆகும். கையுறையின் முட்டிப் பகுதி வெள்ளையாக இருந்தால், குத்து முறையாக விழுகிறதா என்று நடுவர் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட அமெச்சூர் கையுறை அது. சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் தலைக்கவசம் 1984 வாக்கில் கட்டாயமானது. ஆகவே தலைக்கவசத்தோடு மேடையில் நிற்கும் போட்டிப் படம் 1960களைச் சேர்ந்தது என்று சொல்லப்பட்டால் சந்தேகிக்க வேண்டும்.

2. நோட்டீஸ். அச்சிட்ட நோட்டீசைப் பலர் போட்டி நடந்ததற்கான ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது போட்டிக்கு முன் அச்சிடப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. யாரும் யாரும் மோதுவதாக அறிவிக்கப்பட்டது என்பதை மட்டுமே அது நிறுவும். மழை, காயம், கூலித் தகராறு என எத்தனையோ காரணங்களால் கடைசி நேரத்தில் எதிராளி மாறியிருக்கலாம்.

3. கிழமையும் தேதியும். ஆண்டு அச்சிடப்படாமல் கிழமையும் தேதியும் மட்டும் இருக்கும் நோட்டீசிலிருந்தும் ஆண்டைக் கண்டறிய வழி உண்டு. எடுத்துக்காட்டாக, 'மே 14, ஞாயிறு மாலை' என்று இருந்தால், 1950க்கும் 1980க்கும் இடையில் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தவை 1950, 1961, 1967, 1972, 1978 என ஐந்தே ஆண்டுகள்தான். இந்த இடத்தில் வீரரின் நினைவு பெரும் துணையாகிறது. தேதி மறந்தவர்களுக்கும் அரசியல் நிகழ்வு மறப்பதில்லை. "அண்ணா முதலமைச்சரான புதிதில்" என்று அவர் சொன்னால், அண்ணா பதவியேற்றது 1967 மார்ச் என்பதால் அந்த ஆண்டு பொருந்துகிறது. "எம்ஜிஆர் ஆட்சியில்" என்றால், அவர் பதவியேற்றது 1977 ஜூன் என்பதால் 1978 மட்டுமே எஞ்சுகிறது. ஆண்டு தெரிந்துவிட்டால், அந்த மே மாதத்தின் மூன்றாவது வார நாளிதழ்களை ஆவணக் காப்பகத்தில் எடுத்துப் பார்த்து, யார் மோதினார்கள், எத்தனை ரவுண்டு, என்ன முடிவு என்ற கேள்விகளுக்கு விடை தேடலாம். அந்த முடிவை இரு பரம்பரைகளையும் சேர்ந்தவர்களிடம் திரும்பக் கொண்டுபோய்க் கேட்கவும் செய்யலாம்.